ஒரே பொத்தானில் கிளம்பாத விமானம்

கார்த்தி, முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீயும் ஹர்ப்ரீத்தும் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டுவதற்குச் செய்த விமானத்தை, நீ வீட்டில் இல்லாத ஒரு காலையில் நான் கிளப்பிப் பார்த்தேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் விசிறிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, "கிளியர்" என்று உரக்கக் கூவ வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்வதை ஒழுங்காகச் செய்வோமே என்று பால்கனிக் கதவைத் திறந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, தெருவைப் பார்த்துக் கூவினேன். கீழே தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். நான் உள்ளே வந்து சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்திருந்தேன். அவர் பாவம், வெகுநேரம் ஓரமாகவே நின்றார்.

இந்தக் கடிதத்தை வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கலாம். நீயும் மெட்ரோவில் நின்றபடி கேட்டுவிட்டு, "அச்சா அப்பா" என்று ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருப்பாய். அதனால்தான் அனுப்பவில்லை. அடுத்த வாரம் உனக்கும் ஹர்ப்ரீத்துக்கும் கல்யாணம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது. நீயோ லோதி ரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தவன். படித்தது புத்தகத்தை அல்ல, ஜன்னலுக்கு மேலே போன விமானங்களை. ஆகவே நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், நீ எழுத்துக் கூட்டிப் படி. எதையும் கையால்தான் கிளப்ப வேண்டும் என்று வாதாடினவன் நீதானே. ஹர்ப்ரீத்துக்குத் தமிழ் படிக்க வராது என்பது இன்னொரு சௌகரியம். உனக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. அதை அவள் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

உன் கூட்டாளிகளிடம் என்னைப் பற்றி நீ என்ன சொல்லிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அந்தக் காலத்துக் கைப்பிடி லிஃப்ட்டை ஓட்டியவர், கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பி, மாடித் தரைக்குச் சரிமட்டமாக நிறுத்துவார் என்று பெருமையடிப்பாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் வலது தோளைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். அந்த லிஃப்ட்டைக் கழற்றிக் கொண்டுபோன அன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவந்து கொண்டாடினவன் நான். புது லிஃப்ட்டில் எல்லாம் பொத்தான். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆனாலும் என் ஸ்டூலை எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன், நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஐந்தாவது மாடி என்று சொல்கிற அதிகாரிக்கு ஐந்தை அழுத்துவதுதான் அன்றிலிருந்து என் உத்தியோகம். கையில் ஃபைல் இருந்தால் அவரால் அழுத்த முடியாது. கையில் ஃபைல் இல்லாவிட்டால் அவர் அழுத்த மாட்டார். அதனால் உங்கள் சண்டை ஆரம்பித்தபோது, அப்பா நம் பக்கம்தான் இருப்பார் என்று நீ எண்ணியது தப்புக் கணக்கு. நான் முதல் நாளிலிருந்தே பொத்தான் கட்சி.

சண்டை உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு அது எவ்வளவு புரிந்தது என்பது உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். விமானம் சின்னது, இரண்டு பேர் உட்காருவது, மூக்கில் ஒரு விசிறி. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஆசை உள்ளவர்கள் வாங்குவதற்காக நீங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. உடம்பையும் பெயின்ட்டையும் அவள் செய்தாள். இன்ஜினையும் மீட்டர் முட்களையும் நீ செய்தாய். நிஜ விமானம் எப்படிக் கிளம்புமோ அப்படியே இதுவும் கிளம்ப வேண்டும் என்பது உன் பிடிவாதம். பிரேக்கைப் போடு, பேட்டரியைப் போடு, பெட்ரோல் குழாயைத் திற, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற சிவப்புக் குமிழை உள்ளே தள்ளு, குளிர்காலமாக இருந்தால் பிரைமர் என்கிற கைப்பம்பால் இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்டு, கூவு, பிறகு சாவி. பிரைமரை அதிகமாக அடித்துவிட்டால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கிப்போகும், அது காய்கிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா உட்காருவதைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. இதை விற்க ஒப்புக்கொண்ட வெளிநாட்டுக் கடைக்காரர்கள், வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் பறக்கலாம் என்று உட்காருகிற மனிதன் இதைக் கண்டால் ஓடிவிடுவான், ஒரே பொத்தானில் கிளம்புகிற வழியும் இருக்கட்டும் என்றார்கள். ஹர்ப்ரீத் அந்தப் பொத்தானைச் செய்து வைத்தாள். அவள் சித்தி வீட்டு விசேஷத்துக்காக அமிர்தசரஸ் போயிருந்த சமயம் பார்த்து நீ அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விமானத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டாய். கடைக்காரர்கள் எழுதிக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்றைக்கு ஃபோனில் நீ பேசியது அடுப்படிவரை கேட்டது. பொய்யாகக் கிளம்புகிற விமானத்தில் என் பேரைப் போட மாட்டேன் என்றாய். அவள் என்ன சொன்னாளோ, அது எங்களுக்குக் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்து கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஐ.என்.ஏ.யில் நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர், மஞ்சள் தடவி முதல் பத்திரிகை எனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தார். உன் அம்மா மஞ்சளைக் குழைத்துவிட்டு உன் முதுகைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை மூடி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஹர்ப்ரீத் என் லிஃப்ட்டுக்குள் வந்தாள். கூட்டத்தோடு ஏறினாள். ஒவ்வொரு மாடியாக எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. எத்தனாவது மாடி மகளே என்று வழக்கம்போலக் கேட்டேன். அவள் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், சுவை குறைந்தால் பழி என் மேல். "எந்த மாடியும் இல்ல அங்கிள். உங்களத்தான் பாக்க வந்தேன்." பையிலிருந்து டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பிரித்தால் வளையல். நிச்சயதார்த்தத்தன்று உன் அம்மா தன் கையிலிருந்து கழற்றி அவள் கையில் போட்ட அதே வளையல். எனக்கு அப்போதும் புத்தி வேலை செய்யவில்லை. பாலிஷ் போட வேண்டுமா என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "ஆன்ட்டி கையில குடுத்துருங்க. கார்த்திகிட்ட வேணாம்," என்றாள்.

கீழே போகும் பொத்தானை அழுத்தினேன். வேறென்ன செய்ய, எனக்குத் தெரிந்த வேலை அதுதான். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேலே விசிறி ஓய்ந்தது, விளக்கு அணைந்தது, மூலையில் மின்மினி மாதிரி ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் மிச்சம். வெளியே மே மாதத்து வெயில். உள்ளே நாலு பக்கமும் தகரம். "இப்ப என்ன செய்யணும் அங்கிள்?" என்றாள். பெல் அடிக்க வேண்டும் என்றேன், அடித்தேன். அப்புறம் என்றாள். இன்னொரு தடவை அடிக்க வேண்டும் என்றேன். என் ஞானம் அத்தோடு முடிந்தது. எங்கேயோ மேலேயிருந்து செக்யூரிட்டி கார்டு, "பாஞ்ச் மினட், பையா," என்று கத்தினான். டெல்லியில் ஐந்து நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று உனக்கே தெரியும்.

அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்தேன். இருட்டில் முகம் தெரியாததால்தானோ என்னவோ, அவள் பேச ஆரம்பித்தாள். "பட்டனுக்காக இல்ல அங்கிள். அது போனா போகட்டும். நான் ஊர்ல இல்லாதப்ப எடுத்தான், ஒரு வார்த்த சொல்லல. எனக்கு ஜுரம் வந்து டீ கேட்டா, டீ போடறது எப்படின்னு எனக்கே பாடம் நடத்துவான். இன்னொருத்தருக்கு ஒண்ணச் சுலபமாக்கிக் குடுக்கறது அவனுக்கு ஏதோ ஏமாத்து வேல மாதிரி இருக்கு. இவன்கூட எப்படி இருக்கறது?" அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றால் பொய். ஆமாம் அப்படித்தான் என்றால் வளையல் என் கையோடு நின்றுவிடும். யாரைப் பார்த்தாலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற உன் அப்பன், அன்றைக்கு அந்த வளையலைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஊமையாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு மாறியது. முதலில் வெக்கை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பயம். மூச்சு நெஞ்சுக்குள் இறங்காமல் தொண்டையிலேயே திரும்பித் திரும்பி வந்தது. ஒரு கை தகரச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தது, கதவு அங்கே இல்லை என்று தெரிந்தும். நான் ஜாயின்ட் செக்ரட்டரி கதை சொன்னேன், குரங்கு கேன்டீனுக்குள் புகுந்த கதை சொன்னேன். இரண்டும் எடுபடவில்லை. மறுபடி பெல் அடித்தேன். கார்டு மறுபடி ஐந்து நிமிஷம் என்றான். அந்தச் சமயத்தில் என் முன்னால் எல்லாவற்றையும் சரி செய்கிற ஒற்றைப் பொத்தான் ஒன்று இருந்திருந்தால், கார்த்தி, இரண்டு கையாலும் அழுத்தியிருப்பேன்.

அப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, தனக்குத்தானே சொல்ல ஆரம்பித்தாள். பார்க்கிங் பிரேக். பேட்டரி. ஃப்யூயல். சிவப்புக் குமிழ். ஒவ்வொன்றுக்கும் அவள் விரல்கள் இருட்டில் அந்தந்த இடத்துக்குப் போய் எதையோ தள்ளின, திருப்பின. பொத்தான் வேண்டும் என்று உன்னோடு மல்லுக்கு நின்றவள், உன் படிகள் அத்தனையையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். நீ திருத்தித் திருத்தி அனுப்பியதையெல்லாம் ஓட்டிப் பார்த்துப் பிழை சொன்னவள் அவள்தானே. கடைசியில் சாவி என்று சொல்லி மணிக்கட்டைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. லிஃப்ட் லிஃப்ட்டாகவே நின்றது. ஆனால் அவள் மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மறுபடி சொல்லு மகளே, நானும் வருகிறேன் என்று, நான் பேட்டரியிலிருந்து தொடங்கினேன்.

"பிரேக், அங்கிள். முதல்ல பிரேக்."

நிற்கிற லிஃப்ட்டுக்கு எதற்கம்மா பிரேக் என்றேன். அதற்குத்தான் சிரித்தாள். சிரித்த கையோடு அழுதாள். அழுதுகொண்டே, பிரேக் போடாமல் கிளப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கினாள். இருவருமாக மறுபடி முதலிலிருந்து போனோம். நான் வேண்டுமென்றே சிலதை மாற்றிச் சொன்னேன், சிலதை நிஜமாகவே மறந்து மாற்றிச் சொன்னேன். எது எது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். இந்த வெயிலில் யாராவது பிரைமர் அடிப்பார்களா என்று அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பாதித் திட்டில், தலைக்கு மேலே விசிறி சுற்றியது. லிஃப்ட் கீழே இறங்கிக் கதவைத் திறந்தது. அவள் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். வளையல் என் கையில். இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது. மறந்துவிட்டுப் போனாளா, விட்டுவிட்டுப் போனாளா, எனக்குத் தெரியவில்லை.

பிறகு விசாரித்ததில், கரண்ட் போனால் தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர் தானாகக் கிளம்பவில்லையாம். கையால் கிளப்பத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தாராம். இதை உன்னிடம் சொன்னால் பார்த்தாயா என்பாய்; அவளிடம் சொன்னால் அவளும் பார்த்தீர்களா என்பாள். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை.

வளையலைச் சட்டைப் பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று, பத்திரமாக இருக்கட்டும் என்று, காலி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினேன். உன் அப்பன் மூளையைப் பார். டிபன் பாக்ஸை வீட்டில் யார் திறந்து கழுவுவார்கள்? உன் அம்மா குழாயடியில் மூடியைத் திறந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "இது எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?" என்றாள். சாம்பாரில் கிடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்; அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். குழாயை மூடினாள். "அவன்கிட்ட சொல்லாதீக. இத எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சா, திரும்பி வந்துட்டுன்னு ஆயிரும். என் கையில கெடக்கட்டும். அவ கேட்டா அவளுக்கு," என்று சொல்லி, முழங்கையை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டாள். அவள் கழற்றிக் கொடுத்த பிறகு அந்தக் கை கொஞ்சம் சதை போட்டிருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவன்தான், எப்போதாவது.

இப்போது கவனமாகப் படி. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். உன் அம்மா உனக்குத் தோசை போட்டாள், சட்னி ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள். அந்தக் கை உன் கண்ணுக்கு முன்னால் எத்தனை தடவை வந்து போனது என்று நான் எண்ணாமல் விட்டேன், எண்ணினால் கோபம் வந்துவிடும் என்று. அந்தக் கையில் அந்த வளையல், டம்ளரில் பட்டு டிங் என்றுகூடச் சத்தம் போட்டது. விமானத்தின் எண்ணெய் மீட்டர் முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருப்பவன் நீ. உனக்கு அது தெரியவில்லை. அடுத்த நாளும் தெரியவில்லை. நீ கேட்டுவிடுவாயோ என்று எனக்குத் தோசை இறங்கவில்லை. நீ கேட்கவில்லையே என்று உன் அம்மாவுக்கு இறங்கவில்லை. நீ மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எனக்கு ஃபோன் செய்தாள். "அங்கிள், அத ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டீங்களா?" என்றாள். எதை என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல. பிறகு, "அச்சா," என்றாள். "நான் வரேன். அவன வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க." என்ன எண்ணத்தில் வருகிறாள் என்று சொல்லவில்லை. ஏலே, குளிச்சுட்டு நல்ல சட்டையப் போடு என்று நான் உன்னைத் துரத்தியது அதனால்தான். சிலிண்டர் கொண்டுவருகிற கேஸ்காரன் வருகிறான் என்று சொன்னது பொய். கேஸ்காரனுக்கு எதற்கு நல்ல சட்டை என்று நீ கேட்காதது உன் குணம்.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். உன்னைப் பார்க்காமல் பென் டிரைவை மேஜையில் வைத்து, போட்டுப் பார் என்றாள். அவள் என்ன செய்திருந்தாள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொத்தான் திரும்பவும் இருந்தது. நீ அழுத்தினாய், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இன்ஜின் சட்டென்று கிளம்பவில்லை. விமானத்தின் வலது பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். மீசை வைத்த ஆள். அவன் பிரேக்கைப் போட்டான். பேட்டரியைப் போட்டான். குழாயைத் திறந்தான். ஒவ்வொன்றையும் அவன் கை போய்ச் செய்தது, நீ செய்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்து. எந்தப் படியிலும் நீ கையை வைத்தால் அவன் கையை எடுத்துக்கொள்கிறான். நீ விட்டால் விட்ட இடத்திலிருந்து செய்கிறான். எதுவும் விட்டுப்போகவில்லை, யாரும் தனியாகவும் இல்லை. அந்த மீசை யாருடையது என்று என் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டால் அவள் சாஃப்ட்வேரோடு வந்த மீசை என்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

நீ வெகுநேரம் திரையைப் பார்த்தாய். நான் கதவோரமாகப் பேப்பர் படிப்பவன்போல நின்றேன். இந்தி பேப்பர், அதுவும் தலைகீழாக. முதல் வார்த்தையாக நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "பிரைமர் அதிகமா அடிக்கறான். இந்த வெயிலுக்கு வேணாம்," என்றாய். போச்சு என்று நினைத்தேன். "இத ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாய்.

"நீ சொன்னியா?" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. நீ மௌஸிலிருந்து கையை எடுத்தாய். என் தப்புதான் என்று இந்தியில் சொன்னாய். அவ்வளவு சின்னக் குரலை உன்னிடம் நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதே நேரத்தில் அடுப்படியில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. உன் அம்மா குழாயடியில் சோப்பு நுரைக்குள் கையை விட்டு அந்த வளையலோடு போராடிக்கொண்டிருந்தாள். அது வர மறுத்தது. ஹர்ப்ரீத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் பார்த்தாள். சோப்பு போதாது, தேங்காய் எண்ணெய் கொண்டுவாருங்கள் என்று என்னை விரட்டினாள். இரண்டு பேருமாக இழுத்தார்கள். வந்தது. உன் அம்மா சிவந்துபோன கையோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட, அதை அவள் கையில் போட்டாள். அந்த நேரம் பார்த்து நீ உள்ளேயிருந்து எனக்கும் தண்ணி என்று சத்தம் போட்டாய். "ஜல்தி என்ன, வந்து எடுத்துக் குடி," என்றாள் உன் அம்மா.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று நினைத்து ஆரம்பித்தேன். இப்போது பார்த்தால் என் புத்திதான் வெளியே வந்துகொண்டிருக்கிறது. பொத்தான் கட்சி என்றேன் அல்லவா, அதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து உன் அம்மாவைக் கல்யாணம் செய்து டெல்லிக்குக் கூட்டி வந்தபோது அவளுக்கு ஒரு இந்தி வார்த்தையும் தெரியாது. அவள் கஷ்டப்படக் கூடாது என்று காய்கறியிலிருந்து ரேஷன் வரைக்கும் நானே பேசினேன். அவள் என்னைப் பார்ப்பாள், நான் பேசுவேன், காரியம் முடியும். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு ஜுரம் ஏறிய அன்று நான் டியூட்டியில் இருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல், அண்ணே என்கிற பொருளில், "பையா, பையா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் கிண்டல் செய்ததில்லை. மறுநாளே அவள் கீழ்வீட்டுக்காரியிடம் இந்தி கற்றுக்கொள்ளப் போனாள். நான் பக்கத்தில் மட்டும் நின்றேன், வாயைத் திறக்காமல். இப்போது அவள் பேரம் பேசினால் தர்பூசணிக்காரர் வண்டியையே விட்டுவிட்டு ஓடுகிறார்.

ஆகவே எனக்கும் எது சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு ஜுரம் வந்தால் டீ போட்டுக் கொடு, படி சொல்லாதே. உனக்கு ஜுரம் வந்தால் அவள் போடுகிற டீ சுமாராகத்தான் இருக்கும், குடித்துவிடு. அவள் செய்ததில் கை வைப்பதற்கு முன்னால் அவள் ஊரில் இருக்கிறாளா என்று பார், இல்லையென்றால் காத்திரு. நிஜமாகவே காத்திரு, இன்ஜின் காய்கிற மாதிரி. திரையில் இருக்கிற முட்களைப் பார்க்கிற அந்தக் கண்ணால் சாப்பிடும்போது எதிரே இருக்கிற கையையும் பார். வளையலைப் பற்றி அவளிடம் நீயாகக் கேட்காதே. என்றாவது அவளாகச் சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேள். நடிக்க வராவிட்டால் இருமு.

நேற்று நீங்கள் இருவரும் கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்தபோது, மீசைக்காரனைக் கூப்பிடாமல், நானே விமானத்தைக் கிளப்பினேன். பேட்டரியைப் போட்டேன். பெட்ரோல் குழாயைத் திறந்தேன், இந்த முறை மறக்கவில்லை. சிவப்புக் குமிழைத் தள்ளினேன். வெயில் என்பதால் பிரைமரைத் தொடவில்லை. வேகம் கூட்டுகிற கறுப்புக் கைப்பிடியை நீ சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினேன். பால்கனிக்குப் போய்க் கூவினேன். தர்பூசணிக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பினேன். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி, தும்மி, பிடித்துக்கொண்டது. எண்ணெய் முள் எழுந்து பச்சைக்குள் வந்து நின்றது. உன் அம்மாவைக் கூப்பிட அடுப்படிக்குப் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் விமானம் தானாகக் கிளம்பி, புல்தரையைக் கடந்து, எதிரே இருந்த விமான ஷெட்டின் சுவரில் மூக்கை வைத்து நின்றிருந்தது. விசிறி சுற்றவில்லை. இது இப்படித்தான் நிற்க வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.